வரிச்சட்டி

ஜூன் 9, ஞாயிறு

வீட்டுக்குப் புது உறுப்பினர் வந்திருக்கிறார். பெயர் வார்ப்பிரும்பு கிரில் சட்டி. நிறம் என்னைவிடக் கொஞ்சம் கறுப்பு. எடை ரெஜினா அத்தையின் கைப்பையைவிடக் கொஞ்சம் குறைவு. தோசைக்கல் போல வழவழப்பாக இல்லாமல் உள்ளே வரிவரியாக மேடு. மீன் மேட்டில் படுத்துக்கொள்ளும், எண்ணெய் பள்ளத்தில் வடிந்துவிடும், மீனின் முதுகில் கறுப்புக் கோடு விழும். நான் இதற்கு வரிச்சட்டி என்று ஞானஸ்நானம் கொடுத்தேன். இனிமேல் கஸ்பார் வீட்டில் வரி கட்டாத மீன் கிடையாது.

கஸ்பார் என் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவர் ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது, பொரித்த மீனை விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூத்துக்குடிக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அம்மாதான் இந்தச் சட்டியை வரவழைத்தாள். அப்பாவுக்குக் கொழுப்பு ரத்தத்தில், எனக்கு வாயில் என்பது அவள் கணிப்பு.

பழக்கிய சட்டிதான் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. அம்மா நம்பவில்லை. அரிசி கழுவின தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் ஈரம் வற்றவைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தை வதக்கிக் கொட்டி, மறுபடி எண்ணெய். இத்தனை வருஷமாக என்னைப் பழக்க முடியாத ஆத்திரம் எல்லாம் அதன்மேல் இறங்கியது. முடிந்ததும் சட்டம் வாசித்தாள். சோப்பு படக் கூடாது. இனிமேல் தண்ணீரில் ஊறவிடக் கூடாது. ஈரத்தோடு கவிழ்க்கக் கூடாது. மீறினால் துரு ஏறிவிடும், அப்புறம் முதலிலிருந்து பழக்க வேண்டும்.

அப்பாவும் தன் சட்டத்தை இன்னொரு முறை வாசித்தார். இன்னும் ஒரு சேட்டை செய்தால் பாளையங்கோட்டை ஹாஸ்டல். போன மாதம் அவர் ஹெல்மெட்டுக்குள் கருவாட்டுத் தூள் தூவியதிலிருந்து இதே பாட்டு. அந்த ஹெல்மெட்டைத் துடைத்து அவர் கையில் கொடுத்ததே அம்மாதான். தெருமுனையில் கருவாடு சுட்டாலும் கண்டுபிடிக்கிற மூக்கு அவளுடையது. எனக்குத் துணைபோய்விட்டாள் என்று அன்றைக்கு அவளை மிகவும் மெச்சினேன்.

ஜூன் 13, வியாழன்

முதல் மீன். சீலாத் துண்டுகள், மிளகு, எலுமிச்சை, பூண்டு. அம்மா கையை வைத்து அமுக்கவோ புரட்டிக்கொண்டே இருக்கவோ விடவில்லை. தானாக வரியை விட்டுப் பிரிகிறவரை காத்திருக்க வேண்டுமாம். பிரிந்தது. ஜெயில் கம்பி போட்ட மாதிரி அழகான கோடுகள். அப்பா சாப்பிட்டுவிட்டு, பரவாயில்லை என்றார். அப்பாவின் அகராதியில் அது ஏறத்தாழ நோபல் பரிசு.

அம்மா தண்ணீரை டம்ளருக்கு வலப்பக்கத்தில், மேஜைமேல் ஊற்றினாள். மேஜைக்கும் தாகம் எடுக்கும் என்றேன். அவள் சிரிக்காமல் துணியெடுத்துத் துடைத்தாள்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று வரிச்சட்டியில் வந்தது மீன் அல்ல, உப்பளம். அம்மா ஒரு தடவை உப்புத் தடவி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை தடவினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஏதோ புது முறை என்று நினைத்தேன்.

அப்பா முதல் வாயைத் துப்பிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார்? அம்மா உப்புச் சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ அறிமுகம் செய்யாமல் விட்டுவிட்டுப்போன ஆளைப் பார்ப்பதுபோல. அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டேன். உப்பிட்டவனை உள்ளளவும் திட்டினார் அப்பா. ஹாஸ்டல் பேச்சும் வந்தது. உப்புச் சப்பில்லாத ஒரு குற்றத்துக்கு இவ்வளவு நீளத் திட்டு தேவையில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

அம்மா இன்று என்னை ரெஜினா என்று கூப்பிட்டாள். அத்தைக்குத்தான் எனக்கு முன்பே மீசை வந்தது என்பதால் மன்னித்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்தால் வரிச்சட்டி சிங்க்கில் சோப்புத் தண்ணீருக்குள் கிடக்கிறது. நேற்று மதியத்திலிருந்து கிடந்திருக்க வேண்டும். வரிக்கு வரி ஆரஞ்சு நிறத்தில் துரு. சட்டம் போட்டவளே சட்டியை மூழ்கடித்தாள்.

"யாரு இதத் தண்ணியில போட்டது?" என்று அம்மா கேட்டாள். நடிப்பு இல்லை. எனக்குத் தெரியும், நடிப்பில் நான் பழைய கை.

நான்தான் என்றேன். நீர்மூழ்கிக் கப்பல் விட்டுப் பார்த்தேன் என்றேன். அப்பா கிரேனை இறக்குவதுபோல் கையை மெதுவாக இறக்கினார், என் முதுகில். பரவாயில்லை. மாலை முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். நார், கல்லுப்பு, எண்ணெய், தீ. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் தேய், இன்னும் தேய் என்றாள். நாளிதழ் வாசிக்கும்போது வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வாசித்தாள். ஜெனோவா என்ற அவள் பெயருக்கு முன்னால் கடற்கொள்ளைக்காரி என்று பட்டம் சேர்த்தேன். இதற்குச் சிரித்தாள். நிறையச் சிரித்தாள். தேவைக்கு மேல்.

ஜூலை 28, ஞாயிறு

வலது கையில் கட்டு. எழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தால் கோழியைக் குறை சொல்ல வேண்டாம்.

மாதா கோயிலில் கொடி ஏறியாகிவிட்டது. திருவிழாவுக்கு ரெஜினா அத்தை மணப்பாட்டிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். அப்பாவின் அக்கா. அம்மா செய்கிற எதையும் நுனிவிரலால் தொட்டுப் பார்க்கிறவள். பத்து மணிவாக்கில் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழிருந்து புகை வந்தது. இறங்கி ஓடினால் அடுக்களை தெரியவில்லை. வரிச்சட்டி எண்ணெயோடு அடுப்பில், முழுத் தீயில். பக்கத்தில் தொங்கிய கைப்பிடித் துணியின் ஓரம் பற்றிக்கொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு.

அடுப்பை அணைத்தேன். துணியைத் தண்ணீரில் போட்டேன். சட்டியை இறக்கப் பிடித்ததுதான் முட்டாள்தனம். இந்தச் சட்டிக்குப் பிடியும் இரும்பு, அடியும் இரும்பு, கொதி ஒன்றுதான். அத்தை குளியலறையிலிருந்து தலையில் துண்டோடு ஓடிவந்தாள். வீட்டைக் கொளுத்திப்போட்டாளே என்று அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

நான் முந்திக்கொண்டேன். சோளம் பொரித்துப் பார்த்தேன் என்றேன். சோளம் எங்கே என்று அத்தை கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. என் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது ஊரில்.

அப்பா மதியம் வந்தார். சத்தம் போடவில்லை. என் கையைப் பார்த்தார், சுவரில் கரியைப் பார்த்தார். திருவிழா முடிந்த மறுநாள் ஹாஸ்டல் என்றார். அங்கே வார்டனாக இருக்கிற சாமியார் அவரோடு படித்தவராம், இடம் சொல்லிவைத்துவிட்டாராம்.

அம்மா மருந்து போட்டுவிட்டாள். எங்கே சுட்டது, எப்படிச் சுட்டது என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் சோளம் என்றேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

உண்மை பேசுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை, சரியாக வரவில்லை.

அப்பா வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். உப்பு நான் இல்லை, சட்டியை ஊறப்போட்டது நான் இல்லை, அடுப்பும் நான் இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். அம்மாவுக்கு ஏதோ சரியில்லை, என்னை அனுப்பினால் பகலில் அவள் அடுப்போடு தனியாக இருப்பாள், அனுப்ப வேண்டாம் என்றேன்.

அப்பா துணியைக் கீழே போட்டார். "ஹாஸ்டலுக்குப் பயந்து பெத்தவ தலையிலயே கட்டுறியால நீ?"

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். அவளிடமே கேளுங்கள் என்றேன். அப்பா கேட்டார். அவளை அப்படி நேருக்கு நேர் பெயர் சொல்லி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஜெனோவா, உனக்கு ஏதும் செய்யுதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்றாள். "சின்னப்பிள்ள. பயத்துல எதையாவது சொல்லுவான். விடுங்க."

விட்டார்.

இன்றைக்கு இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஹாஸ்டல். தமிழில் விடுதி. பெயரிலேயே 'விடு' இருக்கிறது, விடத்தான் மாட்டார்கள். கட்டில் கம்பி எல்லாம் வரிவரியாக இருப்பதால் சொந்த வீட்டு ஞாபகம் வருகிறது, நான்தான் மீன்.

நேற்று மாதா சப்பரம் பார்த்தோம். கூட்டத்தில் அம்மா வலப்பக்கம் வந்தவர்கள்மேலெல்லாம் இடித்துக்கொண்டே நடந்தாள். நான் அந்தப் பக்கம் போய் நடந்தேன்.

காலையில் கிளம்பும் முன் அடுக்களையிலிருந்து கேஸ் லைட்டரை எடுத்து என் பெட்டிக்குள் சட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன். தீப்பெட்டிகளையும். சாமிபடத்துக்குப் பின்னால் இருந்ததைக்கூட விடவில்லை. இப்போது கட்டிலுக்கு அடியில் என் பெட்டியைத் திறந்தால் பட்டாசுக் கடை. சாயங்காலம் வார்டன் அறைக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. லைட்டர் எங்கே என்றார். கடைசிச் சேட்டை என்றேன். பேசாமல் வைத்துவிட்டார்.

புது லைட்டர் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

யாரும் பார்க்க வரவில்லை. குழம்பில் தண்ணீர் இருந்தது. திருத்தம், தண்ணீரில் குழம்பு இருந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அப்பா வந்தார். சவரம் செய்யவில்லை. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் அதைவைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் தரையைப் பார்த்தே பேசினார். வியாழக்கிழமை சுதந்திர தின விடுமுறை என்று சாமான் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது தெருவிலேயே கருகல் நாற்றம். உள்ளே போனால் வரிச்சட்டியில் எண்ணெய் கொழுந்துவிட்டு எரிகிறது, ஜன்னல் திரை பாதி போய்விட்டது. அம்மா பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்து என் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். மணம் வரவில்லையா என்று கேட்டதற்கு, என்ன மணம் என்று கேட்டாளாம்.

தீயை அணைத்துவிட்டுக் காப்பித்தூளை அவள் மூக்குக்குக் கீழே வைத்திருக்கிறார். ஒன்றும் இல்லை. பூண்டை நசுக்கி வைத்திருக்கிறார். மண்ணெண்ணெய். கருவாடு. ஒன்றும் இல்லை. கண்ணை மூடச் சொல்லி வைத்தபோது, என்னத்தையாவது வையுங்க முதல்ல என்றாளாம்.

இதைச் சொல்லிவிட்டு அப்பா ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து ஒடித்துப் போட்டார். பிறகு சொன்னார். "நீ இல்லயேல அங்க. நீ இங்கல்லா இருந்த."

ஆமாம்ப்பா என்றேன். மரத்தடியில் தூசி அதிகம். இரண்டு பேருக்குமே கண்ணில் விழுந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மதுரை. அப்பா என்னையும் ஹாஸ்டலிலிருந்து கூட்டிவந்திருந்தார். ஸ்கேன். அம்மாவின் நெற்றிக்குப் பின்னால், இரண்டு கண்ணுக்கும் நடுவில், எலுமிச்சையைவிடப் பெரிதாக ஒரு கட்டி. எனக்குக் கருப்பட்டிக் கட்டி தெரியும், சோப்புக் கட்டி தெரியும், கட்டி அழுவதுகூடத் தெரியும். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

புற்று மாதிரித் தெரியவில்லை என்றார் டாக்டர். ஆனால் பல வருஷமாக மெதுவாக வளர்ந்து, மணம் அறிகிற நரம்பை முதலில் நசுக்கியிருக்கிறது. இப்போது வலது கண்ணின் நரம்பை. மறதி, பெயர் மாறுவது, இடமில்லாத இடத்தில் சிரிப்பது எல்லாம் அதன் வேலை. எப்போது ஆரம்பித்தது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பாவுக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவர். அவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுல. எது நீ, எது அவ?"

சொன்னேன். உப்பு, அம்மா. ஊறின சட்டி, அம்மா. துணியில் தீ, அம்மா. மேஜையில் ஊற்றின தண்ணீர், வாசிக்கும்போது மூடின கண், சப்பரத்தில் இடித்தது. மணம் எப்போதிலிருந்து என்று கேட்டபோது ஹெல்மெட்டைச் சொன்னேன். மே மாதம். கருவாட்டுத் தூள் நான். அதைக் கண்டுபிடிக்காதது அம்மா. டாக்டர் எழுதிக்கொண்டே போனார். அப்பா என்னைத் திட்டிய ஒவ்வொன்றும் அந்தத் தாளில் அம்மாவின் பெயருக்குக் கீழே ஏறியது.

அறுவை முடிந்தாலும் மூக்கு திரும்பாது என்றார். கண்ணும் சந்தேகம்தான். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கண் தப்பியிருக்கும்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

நாளைக்கு அறுவை. அம்மாவுக்குத் தலையை மழித்துவிட்டார்கள். அப்பா மருந்துச் சீட்டோடு கீழே போன நேரம், என்னைக் கட்டிலுக்கு இடப்பக்கம் வரச் சொன்னாள், தெரிகிற பக்கம்.

மொட்டைக்கு ஏற்ற நகைச்சுவை ஒன்று தயாராக வைத்திருந்தேன். அவள் முந்திவிட்டாள்.

"உப்பு நான்தான் போட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ல."

நான் அவள் கையிலிருந்த பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது தடவ தடவும்போது தெரியல. உங்கப்பா துப்பும்போது தெரிஞ்சிது. நீ நான்தான்னுட்ட. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு." மூச்சு விட்டுக்கொண்டாள். "எங்க சின்னம்மை ஒருத்தி இருந்தா. மறதி வந்துச்சு, புத்தி பெரண்டுபோச்சுன்னு மச்சுல வச்சுப் பூட்டிட்டாங்க. சோறு மட்டும் மேல போவும். நான்தான் கொண்டுபோவேன். அந்தக் கதவு எனக்கு வேண்டாம்னுதான் வாயத் தொறக்கல. உன்ன அனுப்பும்போதும் தொறக்கல."

எனக்கு ஹாஸ்டல் பிடித்திருந்தது என்றேன். அருமையான குழம்பு என்றேன்.

"பொய் சொல்லாதல. இன்னிக்காவது."

சரி என்றேன். பிடிக்கவில்லை என்றேன். கோபம் இருந்தது என்றேன், வாசலில் அவள் அப்படிச் சொன்ன அன்றைக்கு. அவள் தலையை ஆட்டினாள். கையை விடவில்லை. அப்பா வந்து என்ன பேச்சு என்று கேட்டபோதும் விடவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

முழுவதையும் எடுத்துவிட்டார்கள்; என் பெயரைச் சரியாகச் சொன்னாள்; வலது கண் போய்விட்டது.

செப்டம்பர் 29, ஞாயிறு

பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். பழைய பள்ளிக்கூடம் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. தலைமையாசிரியரின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

அடுக்களைச் சுவருக்கு அப்பா வெள்ளையடித்திருக்கிறார். வரிச்சட்டியைக் காயலான் கடைக்குப் போடப்போனாராம், அம்மா தடுத்துவிட்டாள். அதன்மேல் கருகிப் பிடித்ததையெல்லாம் நான்தான் சுரண்டி, எண்ணெய் தடவி, முதலிலிருந்து பழக்கினேன். அம்மா அடுப்பைத் தொடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், தலையில் ஸ்கார்ஃப், வலது கண் எங்கேயோ பார்த்துக்கொண்டு. உடம்பு தேறுவதைவிட மனசு தேறுவதற்குத்தான் நாள் எடுக்கும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். காலையில் அழுதாள். என்னத்துக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா பக்கத்தில் நின்று பூண்டு உரித்தார், உரித்த பூண்டையே திரும்பத் திரும்ப உரித்தார்.

நான் சீலாத் துண்டுகளை வைத்துக்கொண்டு நின்றேன்.

சட்டி காய்ந்துவிட்டதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். எண்ணெய் என்ன மணம் மணக்கிறது என்று கேட்டாள். இத்தனை சொல் தெரிந்த எனக்கு அதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கடைசியில், பச்சை எண்ணெய் வாடை போய்விட்டது, லேசாக வேர்க்கடலை வறுத்த மாதிரி வருகிறது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். தன் தலைக்குள் எங்கேயோ அந்த மணத்தைத் தேடுகிற மாதிரி இருந்தது. வை என்றாள்.

வைத்தேன். சீறியது. இனி என்ன வருகிறது, இப்போது என்ன வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மிளகு, பூண்டு, தோல் கருகுவது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பக்கத்தைத் தவிர எங்கும் பார்க்க முடியாமல், ஒன்றையும் முகர முடியாமல், ஊரிலேயே நம்பக்கூடாதவன் என்று பெயரெடுத்த ஒருவன் சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என்ன சொன்னாலும் அதுதான் அவளுக்கு மணம். ரோஜாப்பூ என்று சொன்னாலும் ரோஜாப்பூதான்.

அவசரப்பட்டுப் புரட்டினேன். மீன் வரியோடு ஒட்டிக்கொண்டு பாதியாகப் பிய்ந்தது. அடிப்பக்கம் கரி. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, சொல்லாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"நல்லா வந்துச்சால?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. ஒட்டிக்கிச்சு. ஒரு பக்கம் கருகிருச்சு."

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே, என் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"சரி. அடுத்தத வை."